உறைமோர் வாங்கும் கணிப்பொறி



உங்கள் பள்ளியின் கணிப்பொறி அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு மூலையில், துணி போர்த்திய இரண்டு மூன்று கணிப்பொறிகள் இருக்கக்கூடும். "அதெல்லாம் ஓடாது" என்பார்கள். ஏன் என்று கேட்டால், "விண்டோஸ் போய்விட்டது, ஆள் வந்துதான் போட வேண்டும்" என்பார்கள். அந்த ஆள் வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். சில சமயம் முழு ஆண்டுத் தேர்வே முடிந்துவிடும்.

அத்தகைய பொறி ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். விசிறி சுழலும். திரை ஒளிரும். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றி, அப்படியே நின்றுவிடும். அந்த ஒரு வரி வந்துவிட்டதென்றால், பொறியின் மின்சுற்றுகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன என்று பொருள். அதனிடம் இல்லாதது இயக்க அமைப்புதான். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டு செல்வதும், கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைப்பதும், எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம் என்று பங்கிட்டுக் கொடுப்பதும் அதன் வேலை.

இயக்க அமைப்பைப் பதிக்க ஒரு சிடி வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பென் டிரைவ் வேண்டும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். இரண்டும் வேண்டாம். பக்கத்தில் நல்ல நிலையில் ஒரு கணிப்பொறி இருந்தால், ஒரு லேன் கேபிள் போதும். அந்தக் கேபிளை மாட்டி, ஓடாத பொறியை ஓடவைக்கும் வேலையை உயர்நிலைப் பள்ளி மாணவர்களாகிய நீங்களே செய்ய முடியும். செய்ய உங்களை அனுமதிக்கவும் வேண்டும். இதுவே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பெட்டிக்குள் சாவி

முதலில் ஒரு புதிர். கணிப்பொறியின் மூளையாகிய புராசஸர், நினைவகத்தில் உள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து அதன்படி செய்யும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். மின்சாரம் நின்றால் நினைவகம் வெறுமையாகிவிடும். மறுபடி பொத்தானை அழுத்தும்போது, ஹார்ட் டிஸ்கில் உள்ள இயக்க அமைப்பை நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டும். "கொண்டுவா" என்று சொல்லும் கட்டளை எங்கே இருக்கிறது? அதுவும் நினைவகத்தில் இருந்தால்தானே புராசஸர் படிக்கும்! பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்ட கதைதான் இது.

கணிப்பொறியைத் தொடங்குவதை 'பூட்' செய்தல் என்கிறோம் அல்லவா? அந்தச் சொல் இந்தப் புதிரிலிருந்து வந்ததுதான். பூட்ஸைக் காலில் இழுத்து மாட்டுவதற்காக அதன் பின்புறம் ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்து இழுத்துத் தன்னைத் தானே உயரத் தூக்கிக்கொள்வதாக ஆங்கிலத்தில் ஒரு பேச்சு உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதியைப் படித்த நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். கை வாரை மேலே இழுத்தால், வார் கையைக் கீழே இழுக்கும். உள்விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உடல் ஓர் அங்குலமும் எழும்பாது. வெளியிலிருந்து ஒரு விசை வந்தே ஆக வேண்டும்.

கணிப்பொறிக்கும் அப்படித்தான். 1975-ல் அமெரிக்காவில் ஆல்டேர் 8800 என்ற சிறு கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. அதில் விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முகப்பில் வரிசையாகச் சில ஸ்விட்சுகளும் சிறு விளக்குகளுமே இருந்தன. ஸ்விட்சை மேலே தள்ளினால் 1, கீழே தள்ளினால் 0. எட்டு ஸ்விட்சுகளைச் சரிசெய்தால் ஒரு பைட். அதை நினைவகத்தில் இறக்க இன்னொரு ஸ்விட்ச். இப்படி ஏறத்தாழ 20 பைட்டுகளைக் கையால் இறக்கினால், "காகித நாடாவிலிருந்து படி" என்று சொல்லும் மிகச் சிறிய நிரல் ஒன்று தயாராகிவிடும். பிறகு டெலிடைப் பொறி, துளையிட்ட காகித நாடாவை விநாடிக்கு 10 எழுத்து வீதம் படித்து, பேசிக் மொழியை உள்ளே ஏற்றும். 4096 பைட்டுகளுக்கு ஏறத்தாழ 7 நிமிடம் ஆகும். இங்கே வெளிவிசை எது? மனிதனின் விரல்தான்!

இன்று அந்த விரலின் வேலையை மதர்போர்டில் உள்ள ஒரு சில்லு செய்கிறது. மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. பொத்தானை அழுத்தியதும் புராசஸர் நேரே அந்தச் சில்லைப் படிக்கப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். அதில் உள்ள நிரலுக்குப் பழைய பொறிகளில் பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. கறுப்புத் திரையில் அந்த ஒரு வரியை எழுதியதும் இந்த நிரலே. "ஹார்ட் டிஸ்கில் தேடினேன், சிடியில் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை" என்று அது முறையிடுகிறது. அது இன்னும் தேடாத இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் பக்கத்துக் கணிப்பொறி.

பக்கத்து வீட்டு மோர்

வீட்டில் பால் இருக்கிறது. உறை ஊற்ற ஒரு சொட்டு மோர் இல்லை. அம்மா என்ன செய்வார்கள்? உங்களிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு கரண்டி மோர் வந்தால் போதும். காலையில் பாத்திரம் நிறையத் தயிர் இருக்கும்.

லேன் கேபிள் மாட்டிய கணிப்பொறியும் இதையே செய்யும். அதன் நெட்வொர்க் பகுதிக்கு, தொழிற்சாலையிலேயே கொடுத்த 48 பிட் எண் ஒன்று உண்டு. 48 பிட்டுகளில் 281 லட்சம் கோடி வெவ்வேறு எண்கள் அடங்கும். ஆகவே பொறிக்கு ஒன்று கொடுத்தாலும் தீராது. அந்த எண்ணைச் சொல்லி, கம்பியில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி அது கூவும்: "என் எண் இது. எனக்கு ஒரு முகவரி வேண்டும். தொடங்குவதற்கு ஒரு நிரலும் வேண்டும். யார் தருவீர்கள்?" கொடுப்பதற்கென்று தயாராக வைத்திருக்கும் கணிப்பொறிக்கு சர்வர் என்று பெயர். "உனக்கு இந்த முகவரி தருகிறேன். நிரல் என்னிடம் இந்தப் பெயரில் இருக்கிறது" என்று சர்வர் பதில் சொல்லும். "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று பொறி சொல்ல, "ஆகட்டும்" என்று சர்வர் உறுதி செய்யும். நான்கே செய்திகள், நேரமோ சில விநாடிகள்தான்.

இந்த உரையாடலுக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993-ல் வந்த இந்த முறைக்கு முன்னோடி, 1985-ல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் என்ற இருவர் எழுதிய பூட்பி என்னும் முறை. ஹார்ட் டிஸ்கே இல்லாத கணிப்பொறிகளைத் தொடங்குவதற்காக அவர்கள் அதை வகுத்தார்கள்.

முகவரி கிடைத்தபின், நிரலைக் கொண்டுவர வேண்டும். இதற்கு டிஎஃப்டிபி என்ற முறை பயன்படுகிறது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த கேரன் சோலின்ஸ் எழுதிய அதன் ஆவணம் 1981-ல் வெளிவந்தது. மிக எளிய முறை இது. கோப்பை 512 பைட் துண்டுகளாக வெட்டு. ஒரு துண்டை அனுப்பு. "வந்தது" என்று பதில் வரும்வரை பொறுத்திரு. பிறகு அடுத்த துண்டை அனுப்பு. அவ்வளவு எளிதாக இருப்பதால்தான் சிறு சில்லுக்குள் அதை அடக்க முடிகிறது. இப்படி வந்து சேரும் சிறு நிரல், இயக்க அமைப்பின் கருப்பகுதியைக் கொண்டுவரும். கருப்பகுதி எழுந்து, மிச்சம் முழுவதையும் வேகமான வேறு முறையில் இழுத்து ஹார்ட் டிஸ்கில் பதித்துக்கொள்ளும். ஒரு கரண்டியிலிருந்து ஒரு பாத்திரம்!

1990களின் இறுதியில் இன்டெல் நிறுவனம் இவற்றையெல்லாம் சேர்த்து பிஎக்ஸ்ஈ என்று ஒரு பொது விதிமுறையை வெளியிட்டது. அதனால்தான், லேன் கேபிள் மாட்டும் துளை உள்ள மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் திறமை பிறவியிலேயே உண்டு. நீங்கள் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பூட்பி, டிஎச்சிபி, டிஎஃப்டிபி ஆகியவற்றை வகுத்த ஆவணங்களும் இரகசியமானவை அல்ல. ஆர்எஃப்சி என்ற வரிசையில் வெளியான அவற்றை இன்றும் எவரும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால், இதெல்லாம் ஏதோ கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த வித்தை என்று நாம் ஒதுங்கி நிற்கிறோம்!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"ஒரு பென் டிரைவ் வாங்கினால் தீர்ந்தது. இதற்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே ஒரு பொறி என்றால் பென் டிரைவே சுலபம். 20 பொறிகள் என்றால்?

ஒரு பொறியில் பதிக்க 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பென் டிரைவை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் செருகினால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். பள்ளி நேரம் முடிந்துவிடும். கம்பி வழியே என்றால், பதிக்க வேண்டியது 4 ஜிகாபைட், கம்பியின் வேகம் விநாடிக்கு 100 மெகாபிட் என்று கொள்க. எட்டு பிட் ஒரு பைட். ஆகவே விநாடிக்கு 12.5 மெகாபைட். ஒரு பொறிக்கு 320 விநாடி. சர்வரின் ஒரே கம்பியில் 20 பொறிகளும் ஒரே சமயத்தில் இழுத்தால் 6400 விநாடி, அதாவது 2 மணிக்கும் குறைவு. கம்பியின் வேகம் 1000 மெகாபிட்டாக இருந்தால் 640 விநாடி, அதாவது 11 நிமிடம்கூட ஆகாது. பிற தாமதங்கள் இருக்கவே செய்யும். ஆனால் அவை 20 பொறிகளிலும் ஒரே சமயத்தில் நடக்கும். ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செய்யும் வேலைக்கும் சேர்ந்து செய்யும் வேலைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் காட்டும்?

இன்னொரு கணக்கு. டிஎஃப்டிபி முறையிலேயே 4 ஜிகாபைட் முழுவதையும் கொண்டுவரலாமா? துண்டு போய்ப் பதில் வர 1 மில்லிவிநாடி ஆவதாகக் கொள்ளுங்கள். 512 பைட் துண்டுகள் 78 லட்சத்துக்கு மேல் வரும். 7800 விநாடிகள், அதாவது 2 மணி நேரத்துக்கும் அதிகம். கம்பி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. டிஎஃப்டிபியை முதல் கரண்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டதன் காரணம் இப்போது புரிகிறதா?

செவ்வாய்க்கு சிடியை யார் கொண்டுபோவது?

இந்தக் காத்திருப்பை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். 2012 ஆகஸ்ட் 6 அன்று நாசாவின் க்யூரியாசிட்டி வண்டி செவ்வாயில் இறங்கியது. தரையிறங்குவதற்கு எழுதிய மென்பொருளுக்கு இனி வேலையில்லை. தரையில் ஓட்டுவதற்கும் பாறையை ஆராய்வதற்கும் வேறு மென்பொருள் வேண்டும். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வண்டியின் நினைவகத்தில் இடம் போதாது. ஆகவே வண்டி பயணத்தில் இருந்தபோதே புதிய மென்பொருளை வானொலி அலைகள் வழியே அனுப்பி வைத்தார்கள். ஆகஸ்ட் 10 முதல் நான்கு நாட்கள், வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவைத்துப் பழையதை நீக்கிப் புதியதை அமர்த்தினார்கள்.

அன்று செவ்வாய்க்கும் பூமிக்கும் இடையே ஒளி செல்லவே ஏறத்தாழ 14 நிமிடம் ஆனது. 512 பைட் அனுப்பிவிட்டு "வந்தது" என்ற பதிலுக்குக் காத்திருந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் 28 நிமிடம். ஒரு மெகாபைட்டில் 2048 துண்டுகள். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 40 நாட்கள்! ஆகவே அங்கே துண்டு துண்டாகக் காத்திருக்கும் முறை உதவாது. மொத்தமாக அனுப்பி, விட்டுப்போனதை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. க்யூரியாசிட்டியில் ஒரே மாதிரியான இரண்டு கணிப்பொறிகள் இருக்கின்றன. முதலில் ஒன்றில் மாற்றினார்கள், பிறகு மற்றொன்றில். புதியது எழாவிட்டால் பழையது கைகொடுக்கும். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல் பல கைபேசிகளிலும் இதே ஏற்பாடு உண்டு. இயக்க அமைப்புக்கு இரண்டு அறைகள். ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதியது பதிவாகும். உங்கள் வீட்டுக் கைபேசி சிடியும் பென் டிரைவும் இல்லாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது இப்படித்தான். புதியதைத் தொடுமுன் பழையதைக் காப்பாற்று என்பது செவ்வாய்க்கும் பொருந்தும், பள்ளிக்கும் பொருந்தும்.

"பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்"

மாணவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கத் தயங்குபவர்கள் சொல்லும் காரணம் இது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். பள்ளி ஆய்வகங்களும் எனக்குப் பழக்கமே. வேதியியல் ஆய்வகத்தில் உங்கள் கையில் அமிலத்தைக் கொடுக்கிறோம். இயற்பியல் ஆய்வகத்தில் கண்ணாடி லென்சையும் பாதரச வெப்பமானியையும் கொடுத்திருக்கிறோம். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, பக்கத்தில் நிற்கிறோம். உடைந்த கண்ணாடியை ஒட்ட முடியாது. தவறாகப் பதித்த இயக்க அமைப்பையோ மறுபடி பதித்துவிடலாம். எதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திச் செய்ய முடியுமோ, அதை மட்டும் தொடாதே என்பது என்ன நியாயம்?

ஆண்டுதோறும் முதலாண்டு வகுப்புக்கு வரும் மாணவர்களைப் பார்க்கிறேன். கைபேசியில் கெட்டிக்காரர்கள். ஆனால் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றால், அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் எழுந்துவிடுகிறார்கள். குறை அவர்களுடையது அன்று. படித்துப் பார் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

பக்கத்து மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். அங்கே கைட் என்ற அரசு நிறுவனம் லினக்ஸ் அடிப்படையில் தயாரித்துத் தரும் இயக்க அமைப்பு பள்ளிகளில் ஓடுகிறது. 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கின்றன. அவற்றின் பயிற்சியில் கணிப்பொறியின் வன்பொருளும் ஒரு பாடம். நம்பிக் கொடுத்தால் மாணவர்கள் செய்வார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இந்த வேலைக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு பழைய பொறிகள் பலவற்றில் இல்லை. நன்றாக ஓடும் பொறியைக்கூட 'காலாவதி' என்று குப்பைக்கு அனுப்பும் நாள் இது. அந்தப் பொறிகளில் டெபியன் போன்ற கட்டற்ற இயக்க அமைப்புகளையோ, இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ பதிக்கலாம். அவற்றுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. எத்தனை பொறியில் பதித்தாலும் சட்டத்துக்கு உட்பட்டதே. ஹார்ட் டிஸ்க் அடியோடு பழுதான பொறியைக்கூட, சர்வரிலிருந்தே நாள்தோறும் தொடங்கி ஓட்டலாம். விண்டோஸில் மட்டும் ஓடும் நிரல்கள் தேவைப்படும் பொறியை அப்படியே விட்டுவிடுங்கள். மின்சாரமே ஏறாத பொறியை இந்த முறை எழுப்பாது. மூலையில் கிடப்பவை எல்லாம் அந்த இரண்டு வகைதானா என்று பார்த்துவிட்டல்லவா தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

கெட்ட உறை

ஓர் எச்சரிக்கை. பக்கத்து வீட்டு மோர் கெட்டுப்போனதாக இருந்தால் பால் முழுவதும் கெடும். கம்பியில் கூவும் பொறி, யார் பதில் சொன்னாலும் நம்பிவிடும். டிஎஃப்டிபியில் கடவுச்சொல் என்பதே கிடையாது. தீய எண்ணம் கொண்ட ஒருவர் அதே கம்பியில் தம் சர்வரை மாட்டிவைத்தால், அவர் கொடுப்பதையும் பொறி விழுங்கிவிடும். ஆகவே மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

ஒன்று: பள்ளியின் பொது நெட்வொர்க்கில் இதைச் செய்யாதீர்கள். அங்கே முகவரி தரும் சர்வர் ஏற்கெனவே இருக்கும். இரண்டு பேர் பதில் சொன்னால் குழப்பம். தனியாக ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியை வைத்து, அதில் சர்வரையும் பழைய பொறிகளையும் மட்டும் இணையுங்கள்.

இரண்டு: இயக்க அமைப்பை அதைத் தயாரிப்பவரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கோப்புடன் 256 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றையும் அங்கே கொடுத்திருப்பார்கள். நீங்கள் இறக்கிய கோப்புக்கு அந்த எண்ணைக் கணித்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் அடியோடு மாறிவிடும்.

மூன்று: பதிப்பதற்கு முன், ஹார்ட் டிஸ்கில் யாருடைய மதிப்பெண் பட்டியலாவது, வினாத்தாளாவது இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்டு, இருந்தால் வேறிடத்தில் நகல் எடுத்துவையுங்கள். பதித்தபின் வருந்திப் பயனில்லை.

செய்முறை பெரிதன்று. சர்வருக்கு ஒரு நல்ல கணிப்பொறி, அதில் லினக்ஸ், முகவரியும் முதல் நிரலும் கொடுக்க டிஎன்எஸ்மாஸ்க் என்னும் இலவசச் சிறு நிரல். பழைய பொறியைத் தொடங்கும்போது எஃப்12 போன்ற ஒரு விசையை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை இதற்குப் பெரும்பாலும் உதவாது, கம்பியே வேண்டும். முதல் முயற்சியில் எழாவிட்டால், திரையில் வரும் வரியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முகவரி கிடைக்கவில்லையா, முகவரி கிடைத்தும் நிரல் வரவில்லையா என்று அந்த வரியே சொல்லிவிடும். எந்தப் படியில் நின்றது என்று கண்டுபிடிப்பது பாதி வெற்றி. ஆய்வு என்பதே அதுதான்.

நான்கு பேர் சேர்ந்துகொள்ளுங்கள். நாளை உங்கள் கணிப்பொறி ஆசிரியரிடம் போய் ஒன்று மட்டும் கேளுங்கள்: "சார், மூலையில் இருக்கும் பொறிகளில் ஒன்றை மட்டும் ஒரு வாரத்துக்கு எங்களிடம் கொடுப்பீர்களா? நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்." கேட்டுப் பாருங்கள். கொடுப்பார்.